ஹோட்டல் பஃபேயிலும் லவுஞ்சிலும் வழிக்குச் சாப்பாடு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்குக் குடும்பங்களை அழைத்துப் போவது என் வேலை. காலை ஐந்தேகாலுக்கு வண்டி கிளம்பினால்தான் ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியும். தங்கியிருக்கும் ஹோட்டலில் பஃபே திறப்பதோ ஏழு, ஏழரைக்கு. காசு கட்டிய டிபன் வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம் எல்லோருக்கும் வரும். அந்த ஆதங்கத்தில்தான் முந்தின நாள் காலையிலேயே இரண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும் டிஷ்யூவுக்குள் போய், பைக்குள் போய்விடுகின்றன.

அதற்கு அவசியமே இல்லை. கேட்டால் கட்டிக் கொடுப்பார்கள். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்ற மூன்றும் தெரிந்திருந்தால் போதும். ஒளித்து எடுப்பதைவிட நல்ல சாப்பாடு சூடாகக் கிடைக்கும். எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். (ஹோட்டல் என்று நான் சொல்வது தங்கும் ஹோட்டலை. நம் ஊரில் சாப்பாட்டுக் கடைக்கும் அதே பெயர் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

1. ரூம் எந்த ப்ளானில் இருக்கிறது என்று பாருங்கள்

புக்கிங் ரசீதை எடுங்கள். அதில் இபி, சிபி, எம்ஏபி, ஏபி என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். இபி என்றால் ரூம் மட்டும், சாப்பாடு சேர்த்தி இல்லை. சிபி என்றால் காலை டிபன் உண்டு. எம்ஏபி என்றால் காலை டிபனோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. ஏபி என்றால் மூன்று வேளையும். ஆன்லைனில் போட்டிருந்தால் இந்த எழுத்துகளுக்குப் பதில் ‘பிரேக்ஃபாஸ்ட் இன்க்ளூடட்’ என்று இருக்கும்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிபியில் இருப்பவர் ‘பஃபேக்குப் பதிலாகப் பார்சல்’ என்று கேட்கலாம். இபியில் இருப்பவர் கேட்டால் அது விலைக்கு வாங்குவது. இரண்டும் தப்பில்லை. ஆனால் எது என்று தெரியாமல் ரிசப்ஷனில் போய் நின்றால், உரிமையாகக் கேட்க வேண்டிய இடத்தில் தயங்குவீர்கள், காசு கொடுக்க வேண்டிய இடத்தில் சண்டை போடுவீர்கள்.

ஆள் கணக்கையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். இரண்டு பேருக்கான ரூமில் எக்ஸ்ட்ரா பெட் போடாமல் மூன்றாவது ஆளைப் படுக்க வைத்திருந்தால், அவருக்கு டிபன் கணக்கில் இருக்காது. குழந்தைகளுக்கு எந்த வயது வரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். செக்-இன் சமயத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

2. எது எடுத்துப் போகலாம், எது அங்கேயே சாப்பிட வேண்டியது

ரூமில் இலவசமாக வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில், டீத்தூள், காபித்தூள், சர்க்கரைப் பொட்டலங்கள் உங்களுடையவை. பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ரூம் ஃபிரிட்ஜில் இருக்கும் ஜூஸ், சாக்லேட், முந்திரி அப்படியல்ல. பக்கத்தில் விலைப் பட்டியல் இருக்கும், எடுத்தால் பில்லில் ஏறும். ரிசப்ஷன் மேஜைமேல் மிட்டாய் ஜாடியோ பழத்தட்டோ இருந்தால் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம்.

மெனு கார்டு பார்த்து ஆர்டர் செய்த சாப்பாடு முழுக்க உங்களுடையது. மிச்சம் இருந்தால் தயங்காமல் கட்டித் தரச் சொல்லுங்கள். பஃபேயும், பெரிய ஹோட்டலிலும் விமான நிலையத்திலும் சிலருக்கு மட்டும் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் சாப்பிடவும் வைத்திருக்கும் லவுஞ்ச் அறையும் மட்டும் வேறு கணக்கு. அங்கே இருப்பதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு ஆள் உட்கார்ந்து எவ்வளவு சாப்பிடுவார் என்ற உத்தேசத்தில்தான் பஃபேக்கு விலை வைக்கிறார்கள். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. பஃபேப் பாத்திரத்துக்கு அடியில் சூடு இருக்கிறது. உங்கள் பையில் இல்லை. பைக்குள் நாலு மணி நேரம் புழுங்கிய முட்டையைச் சாப்பிட்டு யாருக்காவது வயிறு கெட்டால், ‘அந்த ஹோட்டல்ல சாப்பிட்டேன்’ என்றுதான் டாக்டரிடம் சொல்வார்கள். மேனேஜர்கள் கண்டிப்பாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான், இரண்டு இட்லியின் விலையை நினைத்து அல்ல.

3. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். காலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு கீழே இறங்கி வந்து, ‘டிபன் கட்டித் தர முடியுமா?’ என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் ரிசப்ஷனில் நைட் டூட்டிப் பையன் ஒருவன்தான் இருப்பான். கிச்சன் பூட்டிக் கிடக்கும். அவன் ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

ராத்திரி எட்டு மணி என்று நான் சொல்வதற்குக் காரணம், மறுநாள் காலைக்கு எத்தனை பேர், மாவு எவ்வளவு, எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பது என்று கிச்சனில் அந்த நேரத்தில்தான் முடிவாகும். அதற்குள் உங்கள் எட்டுப் பேர் கணக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், காலையில் ஒரு ஆள் அரை மணி முன்னால் வருவார். அவ்வளவுதான் விஷயம்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ரிசப்ஷன். அங்கே இருக்கும் நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் கண்ணெதிரில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெஸ்டாரண்டுக்குப் போகும்போது அங்கே பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனிடம் ஒரு முறை சொல்லுங்கள். ரிசப்ஷனில் சொன்னது கிச்சனுக்குப் போகாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். கடைசியாகக் காலை நாலே முக்காலுக்கு ரூம் போனிலிருந்து ஒரு முறை நினைவுபடுத்துங்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். நான் சொல்லும் வார்த்தைகள் ஏறக்குறைய இவைதான்:

‘தம்பி, 203, 204, 205 மூணு ரூம். மொத்தம் எட்டுப் பேர். காலையில அஞ்சேகாலுக்குக் கிளம்புறோம், பஃபேக்கு இருக்க மாட்டோம். அதுக்குப் பதிலா எட்டுப் பேருக்கும் பார்சல் கட்டித் தர முடியுமா? பொடி தடவின இட்லி போதும். தனியா சார்ஜ் உண்டுன்னா இப்பவே சொல்லிடுங்க.’

இதில் முக்கியமான வார்த்தை ‘அதுக்குப் பதிலா’. பார்சலையும் வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்து பஃபேயிலும் உட்காரப் போகிறீர்களோ என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டால் முகம் மாறிவிடும். ரூம் நம்பர், ஆள் எண்ணிக்கை, நேரம், பண்டம் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டால் அந்தப் பையன் மேலே யாரிடமும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

‘கிச்சன் ஆறு மணிக்குத்தான் சார் திறக்கும்’ என்று சொன்னால் மடக்காதீர்கள். ரொட்டி, ஜாம், வாழைப்பழம், பிஸ்கட் என்று அடுப்பு தேவைப்படாதவற்றைக் கேளுங்கள். ராத்திரியே செய்து வைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். பத்து மணிக்குச் செய்த சாப்பாடு காலை ஏழு மணிக்கு ஆகாது. டிபன் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்க வேண்டாம். அது ரூம் வாடகையோடு சேர்ந்த விலை, பொதுவாகப் பிரித்துத் தர மாட்டார்கள்.

கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் நிறையப் பேர். குறிப்பாகப் பெரியவர்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது கட்டுச்சாதக் கூடை கொடுத்து அனுப்புவார்கள் அல்லவா? வழிக்குக் கட்டிக் கொடுப்பது இந்த மண்ணில் விருந்தோம்புகிறவரின் வேலை. ஹோட்டலில் சமைப்பவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். ‘கோயிலுக்குப் போறோம், வயசானவங்க இருக்காங்க’ என்றால் எனக்குத் தெரிந்து மனசு வைக்காதவர்கள் குறைவு.

4. எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே, குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். வெயில் ஏறி 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான் என்று வையுங்கள். டெல்டாவில் கோடை நாட்களில் காலை பத்து மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும்.

ஆகவே ஐந்து மணிக்குக் கட்டியதை ஏழு மணிக்குள் சாப்பிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள். முதலில் திங்களூர், அடுத்து ஆலங்குடி என்று போகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் சாப்பிட்டுவிடுவது சரியாக வரும்.

பொடி இட்லிதான் என் முதல் தேர்வு. கும்பகோணத்தில் நான் வழக்கமாக ஆட்களைத் தங்கவைக்கும் ஒரு ஹோட்டலில் சமையல்காரர் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். துணி போட்ட தட்டிலிருந்து இட்லியை எடுத்தவுடன் கட்ட மாட்டார். அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஐந்து நிமிஷம் ஆவி அடங்க விடுவார். உடனே மூடினால் ஆவி இலைக்குள் வேர்த்து, அடியிலிருக்கும் இட்லி கூழாகிவிடும். அதற்குள் வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டிக்கொள்வார், மடிக்கும்போது கிழியாமல் இருக்க. மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, இட்லியின் இரண்டு பக்கமும் விரலால் தடவி, நாலு நாலாக மடித்து வைப்பார். எண்ணெய் பூசியிருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது, காய்ந்தும் போகாது. சட்னி, சாம்பார் வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், வண்டியில் சிந்தாது.

புளியோதரையும் எலுமிச்சை சாதமும் நல்லவை. காலை ஐந்து மணிக்கு எல்லா கிச்சனிலும் சோறு வடித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் ஒரே தடை. ஆட்கள் நிறைய இருந்தால் கேட்டுப் பாருங்கள். சப்பாத்திக்குச் சர்க்கரையோ ஊறுகாயோ போதும், குருமா வேண்டாம்.

தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. எல்லாவற்றிலும் முதலில் கெடுவது அதுதான். கேட்காமலே பொட்டலத்துக்குள் வைத்துவிடுவார்கள் என்பதால் ‘சட்னி வைக்காதீங்க’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொங்கல் ஆறினால் இறுகிக் கட்டியாகிவிடும், பெரியவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. சாம்பார் சிந்தும். மசால் தோசையில் கிழங்கு சீக்கிரம் ஊசிவிடும். கோயிலுக்குப் போகிற வண்டி என்பதால் முட்டையைப் பெரும்பாலான குடும்பங்கள் விரும்புவதில்லை. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் யாராவது இருந்தால் ராத்திரியே சொல்லிவிடுங்கள், பொடியிலேயே பூண்டு இருக்கலாம்.

5. டிபன் பாக்ஸைக் கிச்சனில் கொடுங்கள், பஃபே மேஜையில் திறக்காதீர்கள்

பாத்திரம் கொண்டு போவது நல்ல பழக்கம். சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பை போன்ற, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. அதனால் சின்ன ஹோட்டல்களில் பார்சலுக்கு இலையும் காகிதமும்தான் இருக்கும். சில இடங்களில் அதுவும் கைவசம் இருக்காது. எவர்சில்வர் டப்பா இரண்டும் ஒரு மஞ்சப்பையும் பெட்டியில் இருந்தால் எந்த ஹோட்டலிலும் சமாளிக்கலாம்.

ஆனால் அந்த டப்பாவை ராத்திரியே கேப்டன் கையில் கொடுத்துவிட வேண்டும். காலையில் பஃபே மேஜை முன்னால் நின்று மூடியைத் திறந்தால், நீங்கள் அனுமதி வாங்கியிருந்தாலும் அங்கே நின்று பரிமாறும் ஸ்டீவர்டுக்கு அது தெரியாது. அடுத்த மேஜைக்காரர்களும் பார்ப்பார்கள். உங்களைப் பார்த்து நாலு பேர் டப்பாவைத் திறந்தால் அந்த ஹோட்டல் அடுத்த வாரம் யாருக்கும் பார்சல் கிடையாது என்று சொல்லிவிடும்.

டப்பா மேல் ரூம் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், காலை அவசரத்தில் மாறிப் போகும். புளியோதரை, எலுமிச்சை சாதம் போன்ற புளிப்புப் பண்டங்களை அலுமினியத் தாளில் நேரடியாகச் சுற்ற வேண்டாம். புளிப்பு அலுமினியத்தோடு சேராது. நடுவில் ஒரு வாழையிலைத் துண்டு வையுங்கள்.

6. பஃபேயில் உட்கார்ந்திருக்கும்போது

கிளம்பும் அவசரம் இல்லாத நாட்களில் பஃபேயிலேயே சாப்பிடுவீர்கள். எழுந்து போகும்போது கையில் ஒரு வாழைப்பழமோ ஆப்பிளோ இருந்தால் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதையும் கையில் தெரிகிற மாதிரி எடுத்து, ‘இதை எடுத்துக்கிறேன் தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழம் கெடாது, தோல் இருக்கிறது, ஹோட்டலுக்கு அதில் பயமில்லை. தயிர்க் கிண்ணம், வெண்ணெய், ஜாம் பொட்டலங்கள், ரொட்டி, வடை இவற்றை எடுக்காதீர்கள்.

ஒரு முறை சாப்பிட்ட தட்டோடு பஃபே மேஜைக்குப் போகக் கூடாது. கரண்டி அந்தத் தட்டில் பட்டால் பாத்திரம் முழுக்க எச்சில். அடுத்த முறைக்குப் புதுத் தட்டு எடுங்கள். வீட்டில் ‘எச்சில் கையோடு கரண்டியைத் தொடாதே’ என்று குழந்தையை அதட்டுபவர்களே ஹோட்டலில் இதை மறந்துவிடுகிறார்கள். அதே காரணத்தால், தட்டில் மிஞ்சிய பஃபேச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லவும் கூடாது. குறைவாகப் போட்டுக்கொண்டு மறுபடி போய் வாங்குங்கள்.

ரூமில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு தட்டை நிரப்பிக்கொண்டு லிஃப்டுக்குப் போகாதீர்கள். கேப்டனிடம் சொன்னால் அவரே ஆள் போட்டு மேலே அனுப்புவார். சில இடங்களில் ரூமுக்குக் கொண்டுவர ஒரு சிறு தொகை வாங்குவார்கள்.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு வயிறு காலியாக இருந்தால் மயக்கம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘சுகர் இருக்கு, பதினோரு மணிக்கு ஏதாவது சாப்பிடணும்’ என்றால் பழமும் ரெண்டு ரொட்டித்துண்டும் அவர்களே கட்டிக் கொடுப்பார்கள்.

7. கேட்காமல் எடுத்தால் யார் மாட்டுவது

சில வருஷங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல். எங்கள் குழுவில் ஒரு பாட்டி, மகளோடு வந்திருந்தார். பாட்டிக்குச் சர்க்கரை. மகள் நாலு இட்லியை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஸ்டீவர்ட் பையன் பார்த்தான், பெரியவருக்குத்தானே என்று பேசாமல் இருந்துவிட்டான். அதை மேனேஜர் பார்த்துவிட்டார். அவர் அந்த அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியை எப்படிச் சொல்வது? அந்தப் பையனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். பாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் போய்ப் பணம் கொடுக்கிறேன் என்றேன், வாங்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பையன் எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை.

அந்த இட்லியை வண்டியில் பிரித்தபோது டிஷ்யூ இட்லியோடு ஒட்டிக்கொண்டு பிய்க்க வரவில்லை. பாட்டி அதைச் சாப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து என் வண்டியில் ஏறும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீவர்ட் கையில் ஐம்பது ரூபாய் வைத்து, கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டினால் அவனுக்கு வேலை போகும்.

யாராவது உங்களைத் தடுத்தால் வாதம் வேண்டாம். கை பட்ட சாப்பாட்டைத் திருப்பிப் பாத்திரத்தில் வைக்கவும் கூடாது. ‘தெரியாம எடுத்துட்டோம், இதுக்கு பில் போட்டுடுங்க’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பில் போட மாட்டார்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

8. க்ளப் லவுஞ்ச் இருக்கும் ஹோட்டலில்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் இது உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வழியில் ஒரு ராத்திரி பெரிய ஹோட்டலில் தங்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும்.

இந்த லவுஞ்ச் எல்லா ரூம்காரர்களுக்கும் கிடையாது. குறிப்பிட்ட மாடியிலோ உயர்ந்த வகை ரூமிலோ இருப்பவர்களுக்கும், அந்த நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் மேல்படியில் இருப்பவர்களுக்கும்தான். கூட எத்தனை பேர் வரலாம் என்று கணக்கு உண்டு. பார்க்க வந்த சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து அழைத்துப் போவதற்கு முன்னால் வாசலிலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே போய் உட்கார்ந்தபின் எழுப்பினால் வந்தவர்களுக்குத்தான் அவமானம்.

சாயந்தரம் வைக்கும் பலகாரங்கள் கொறிப்பதற்கு. அதையே குடும்பத்துக்கு ராத்திரிச் சாப்பாடாக்கி, மிச்சத்தை ரூமுக்குக் கொண்டு போவதைத்தான் அங்கே தப்பாகப் பார்க்கிறார்கள். காபியோ டீயோ எடுத்துப் போக மூடி போட்ட காகிதக் கோப்பை வைத்திருந்தால் அது எடுத்துப் போகத்தான். பீங்கான் கோப்பையோடு லிஃப்டில் ஏறாதீர்கள். தண்ணீர் பாட்டில், ஒரு பழம், ஒரு பிஸ்கட் பொட்டலம் என்றால் கேட்டு எடுக்கலாம். மது வைத்திருந்தால் அதைக் கோப்பையோடு வெளியே கொண்டுவரக் கூடாது. பரிமாறும் உரிமம் அந்த இடத்துக்கு மட்டும்தான்.

மறுநாள் விடியற்காலையில் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ கிளம்புகிறீர்கள் என்றால், லவுஞ்சில் இருக்கும் ஊழியரிடமே முந்தின ராத்திரி சொல்லலாம். காலை டிபனுக்குப் பதிலாக ஒரு பெட்டியில் சாண்ட்விச், பழம், ஜூஸ் வைத்துத் தருவது பெரிய ஹோட்டல்களில் வழக்கமான வேலைதான்.

9. விமான நிலைய லவுஞ்சில்

கார்டைத் தேய்த்து உள்ளே போகும் லவுஞ்சில் அனுமதி ஆளுக்கு ஒன்று. கார்டைச் சரிபார்க்க 2 ரூபாய் எடுப்பதை வைத்து ‘ரெண்டு ரூபாய்க்குச் சாப்பாடு’ என்று பேசிக்கொள்கிறார்கள். மிச்சத்தை உங்கள் கார்டுக்காக வங்கி கட்டுகிறது. ஒருவர் உள்ளே போய், வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் தட்டில் எடுத்து வருவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அதற்குப் பதில் கூடுதல் ஆளுக்கு என்ன கட்டணம் என்று வாசலில் கேளுங்கள். அதிகமாகத் தோன்றினால் எல்லோருமாக வெளியில் இருக்கும் கடையில் சாப்பிடலாம்.

வெளிநாடு போகிறவர்கள் எடுத்த பழத்தையோ சாண்ட்விச்சையோ விமானத்திலேயே முடித்துவிட வேண்டும். பழம், இறைச்சி, முட்டை உள்ளே கொண்டுவருவதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. கைப்பையில் மறந்து வைத்த ஒரு பொருளுக்காக இறங்கின இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

10. பார்சல் கைக்கு வந்த பிறகு

வாங்கியவுடன் எண்ணிப் பாருங்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சட்னி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வண்டியில் டிக்கியில் வைக்காதீர்கள், டாஷ்போர்டு மேலேயும் வேண்டாம். இரண்டும் சீக்கிரம் சூடேறும். சீட்டுக்குக் கீழே நிழலில் வையுங்கள்.

கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். டிரைவரிடம் சொன்னால் சாலையோரம் நிழலாக, கை கழுவத் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவார். டிரைவருக்கும் ஒரு பொட்டலம் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பதாவது ஆளை மறந்துவிடும் குடும்பங்கள் நிறைய. அவருடையது ரூம் கணக்கில் வராது, தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள்.

ஏழு மணிக்கு மேல் மிஞ்சியதை மத்தியானத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும், அந்த இடைவெளியில் எங்காவது நிறுத்திச் சூடாகச் சாப்பிட நேரம் தாராளமாக இருக்கிறது. கடைசியாகத் திருநள்ளாறு போகும்போது எள் சாதப் பொட்டலம் தானம் செய்வது வழக்கம். காலையில் மிஞ்சிய ஹோட்டல் இட்லியை அங்கே யாருக்கும் நீட்டாதீர்கள். நாம் சாப்பிடத் தயங்குவதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. தானத்துக்கு அங்கேயே புதிதாக வாங்கலாம்.

ராத்திரி ஹோட்டலுக்குத் திரும்பியதும் அவர்கள் தட்டு, ஃபிளாஸ்க் ஏதாவது கொடுத்திருந்தால் கழுவி ரிசப்ஷனில் ஒப்படையுங்கள். செக்-அவுட் பில்லில் பார்சல் சார்ஜ் என்று ஏதாவது இருந்தால் முதல் நாள் சொன்ன தொகைதானா என்று பாருங்கள். காலையில் கட்டிக் கொடுத்தவர் டூட்டியில் இருந்தால் கிச்சன் வாசல் வரை போய், இட்லி ஒட்டாமல் வந்தது, பாட்டி மூன்று சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.